எந்தக் கையால் குத்தினான்?

மதினி,

விடுதிப் பிள்ளைகள் போர்வை துவைத்து முற்றத்தில் கயிறு கட்டிக் காயப்போட்டிருக்கிறார்கள். நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் ஈரத் துணி வாசனை வந்தது. சோப்பு வாசனை இல்லை. தண்ணீரைக் குடித்து ஊறிய முரட்டுத் துணிக்கென்று ஒரு வாசனை இருக்கிறதே, அது. போர்வைக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை நடந்துபோனாள். எதிர்வெயிலில் அவள் நிழல் துணி முழுக்கப் பெரிதாக நகர்ந்தது. சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேவிட்டேன். அப்புறம் வந்தது கோபம்தான். பாதிச் சண்டையில் எழுந்து போய்விட்டீர்களே என்று உங்கள் மேல் கோபம்.

சண்டை என்றால் நம் சண்டை. எது நல்ல படம், எது பொய்ப்படம் என்கிற சண்டை. இப்போதும் டவுணில் பயாஸ்கோப்புக் கொட்டகை போட்டால் நான் போகிறேன். தனியாகப் பார்க்கிறேன், பாலம் தாண்டி வாயை மூடிக்கொண்டு திரும்பி வருகிறேன். போன வாரம் ஒரு வெள்ளைக்காரப் படம். ஒருவன் குதிரையிலிருந்து விழுந்து மண்டை பிளந்து கிடக்கிறான். மறு நிமிஷம் மாளிகையில் எல்லாரும் கையைக் கோத்துக்கொண்டு ஆடுகிறார்கள். "விழுந்தவன் எங்கனளா போனாம்?" என்று என் முழங்கையைக் கிள்ளிக் கேட்க ஆள் இல்லை. எனக்குப் படமே பிடிக்காமல் போயிற்று.

நீங்கள் முதன்முதலாகப் படம் பார்த்த சாயங்காலம் நினைவிருக்கிறதா? ஐரோப்பாவில் சண்டை மூளுவதற்கு முந்தின வருஷம். நான் புருஷனைப் பறிகொடுத்து அண்ணன் வீட்டுக்கு வந்து, மிஷன் பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். பாளையங்கோட்டைத் தெருவெல்லாம் மேளத்தோடு மாட்டுவண்டி வந்து நோட்டீஸ் வீசியது. அந்த ஞாயிற்றுக்கிழமையே போதகர் பிரசங்கத்தில், பயாஸ்கோப்பு என்பது சாத்தான் கையில் பிடித்த விளக்கு என்றார். ஆமென் என்று கோயிலே அதிரச் சொன்னவர் என் அண்ணன், உங்கள் புருஷன். அன்றைக்குச் சாயங்காலமே நீங்கள் அடுப்படியில் வந்து, "ஏளா, அந்த வெளக்க ஒரு தடவ பாத்துறணும்" என்றீர்கள்.

வண்ணார்பேட்டையில் கால் விளங்காமல் கிடந்த ஓர் அம்மாளுக்கு ஜெபம் பண்ணப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோம். பொய் இல்லை, ஜெபமும் பண்ணுவோம். அந்த அம்மாள் பாதி ஜெபத்தில் கண்ணைத் திறந்து, "சட்டுனு ஆமென் சொல்லுங்க தாயி, படம் தொடங்கிரும்லா" என்பார். திரும்பும்போது கதையைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும், அதுதான் உடன்படிக்கை. அங்கிருந்து பாலம் தாண்டினால் டவுண் பக்கம், ஆற்றை ஒட்டிய வெளியில் கொட்டகை.

ஆண்களுக்குத் திரைக்கு முன்னால் இடம், பெண்களுக்குப் பின்னால். வெளிச்சம் துணியை ஊடுருவி நம் பக்கமும் தெரிவதற்காக, ஆட்டம் தொடங்குமுன் ஒருவன் பீச்சாங்குழலால் திரை முழுக்கத் தண்ணீர் அடிப்பான். முன்வரிசையில் மணலில் உட்கார்ந்த நம் தலையிலும் சொட்டும். படத்துக்கு விளக்கம் சொல்கிறவர் ஆண்கள் பக்கம் நிற்பார், அவர் குரல் துணிக்கு அப்பாலிருந்து வரும். எழுத்து வரும்போதெல்லாம் நமக்குக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பித் தெரியும். இங்கிலீஷ் எழுத்தைத் தலைகீழாக வைத்தே வாசிக்கிற டீச்சர் நான், அதைக் கண்டுபிடித்துப் பக்கத்துப் பெண்களிடம் பெருமையாகச் சொன்னேன். எழுத்து திரும்பினால் ஆளும் திரும்பித்தானே இருப்பான் என்று எனக்கும் தோன்றவில்லை, அங்கே இருந்த ஒருத்திக்கும் தோன்றவில்லை.

எனக்குக் கடல் பிடித்தது. அலை வந்து பாறையில் மோதிச் சிதறுகிற ஒரு சின்னப் படம். கதை ஒன்றும் கிடையாது. அதற்கே நான் வாயைப் பிளந்தேன். நீங்கள் கொட்டாவி விட்டீர்கள். அடுத்து ஒரு மரக்கடையில் இரண்டு பேர் அடித்துக்கொள்கிற படம் வந்தது. ஒருவன் மற்றவன் தலையைப் பிடித்து மரத்தில் மோதுகிறான், மறுபடி மோதுகிறான். பெண்கள் பக்கம் முழுவதும் "ஐயோ, ஐயோ" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. நீங்கள் மூடவில்லை. கழுத்தை நீட்டி, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அடி வாங்கியவன் எழுந்து உட்கார்ந்து, யாரும் பார்க்காத நேரத்தில், நாக்கால் தன் பல்லை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். "இது உள்ளது, பொய்யில்ல" என்றீர்கள். உங்கள் குரல் எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணன் உங்களை அடிப்பார். முகத்தில் அடிக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரவேண்டுமே. முதுகு, இடுப்பு, தோள், ஜம்பர் மறைக்கிற இடமெல்லாம். இரண்டு தடவை உங்களுக்குத் தரித்தது நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். கேட்கிறவர்களிடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வீர்கள். அவர் அடிக்கத் தொடங்குகிற சத்தம் கேட்டதும் நான் பித்தளைக் குடத்தைத் தூக்கி முற்றத்தில் போடுவேன். பக்கத்து வீடுகளில் எட்டிப் பார்ப்பார்கள், அவர் நிறுத்திக்கொள்வார். அந்தக் குடத்தில் நெளியாத இடமே கிடையாது.

அதனால்தான் ஒருநாள் பாலத்தின் மேல் வைத்துக் கேட்டேன். "வீட்டுல வாங்குதது பத்தாதா மதினி? இங்கனயும் வந்து அடிதடிதான் பாக்கணுமா? கடலப் பாருங்க, பூவப் பாருங்க."

நீங்கள் நடந்துகொண்டே சொன்னீர்கள்: "வீட்டுல நடக்கும்போது என்னால பாக்க முடியலளா. கண்ணு தானா மூடிக்கிடுது. இங்கனன்னா மணல்ல ஒக்காந்து பாக்கலாம்லா."

அதற்காக நான் தோற்றுப்போனேன் என்று நினைக்க வேண்டாம். கடல்தான் பெரிய படம் என்று அடுத்த வாரமே மறுபடி தொடங்கினேன்.

நீங்கள் படத்துக்கு ஆள் சேர்த்த அழகு இருக்கிறதே! மீன்காரியிடம் மீன் வாங்கவே தெரியாது, பேரம் பேசுகிற சாக்கில் படம் சொல்வீர்கள். "நாளைக்கிப் போ. ஒரு கெழவன் மகன அடிப்பாம், அதுக்குப் பொறவு அந்தக் கெழவன் கையப் பாரு, நடுங்கும். அந்தக் கைக்காகப் போ." அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுநாள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். இன்னொரு படத்தை, ஊரே மெச்சியதை, ஒரே வாக்கில் தள்ளினீர்கள். அதில் வீரன் ஒருவன் பத்துப்பதினைந்து பேரை வாளால் வெட்டிச் சாய்ப்பான். "அடிக்கவன் மூஞ்சியவே காட்டுதாம். அடி வாங்குனவன் மூஞ்சியக் காட்டலன்னா அது என்ன படம்? அடிக்கவன் மூஞ்சி எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும்." போதகர் சம்சாரத்திடமே ஒரு படத்தைச் சிபாரிசு பண்ண வாயெடுத்தீர்கள். நான் காலை மிதித்து நிறுத்தினேன்.

அப்புறம் வந்தது அந்தப் படம். பனிக்காட்டில் மரம் வெட்டுகிற இரண்டு சிநேகிதர்கள். ஒரே குடிசை, ஒரே மேஜை. ஒருவன் மற்றவனுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கிறான். சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்ன வருத்தம் என்று படத்தில் சொல்லவே இல்லை, விளக்கம் சொல்கிறவர்தான் பெண் விவகாரம், நில விவகாரம் என்று தினம் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரொட்டி கொடுத்தவன் எழுந்து, மேஜைமேல் இருந்த கத்தியை எடுத்து, எதிரே இருந்தவன் நெஞ்சில் குத்துகிறான். இழுத்து மறுபடி குத்துகிறான். குத்துப்பட்டவன் வாயில் இருந்த ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் கீழே பார்க்கிறான்.

நம் பக்கத்தில் அவன் இடது கையால் குத்தினான். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஏன் எடது கை? ஏன்னு சொல்லு பாப்போம்" என்று வழியெல்லாம் என்னை உலுக்கினீர்கள். நீங்களே சொன்னீர்கள்: "சோத்துக்கையால அவனுக்கு ரொட்டி குடுத்துட்டாம்லா. அந்தக் கையால குத்த மனசு வரல. கொல்லத்தான் போறாம், ஆனாலும் அந்தக் கைய விட்டுட்டாம் பாத்தியா. இந்த மாதிரி ஒரு படம் இனிம ஒருத்தன் எடுக்க மாட்டாம்ளா."

அந்த ஆளுக்கு இடக்கைப் பழக்கம், அவ்வளவுதான் என்றேன் நான். வண்ணார்பேட்டை வரும்வரை நீங்கள் என்னை விட்டு முன்னாலேயே நடந்தீர்கள். அந்தக் கால் விளங்காத அம்மாள் கதையைக் கேட்டுவிட்டு உங்கள் கட்சியில் சேர்ந்துகொண்டார். "வெள்ளைக்காரனுக்கும் எடது கை வலது கை உண்டும்லா" என்று எனக்கே பாடம் எடுத்தார்.

இது நடந்து அடுத்த ஞாயிறு. ஆராதனை முடிந்து சபைக் கமிட்டியில் இருந்த ஒரு பெரியவரை அண்ணன் சாப்பிட அழைத்து வந்திருந்தார். ஆட்டுக்கறிக் குழம்பு. நீங்கள் பரிமாறினீர்கள், நான் அடுக்களை வாசலில் அப்பளத்தட்டோடு நின்றேன். பயாஸ்கோப்பினால் வரும் கேட்டை விசாரித்துச் சொல்ல அவர்கள் இருவரையும் கமிட்டி நியமித்திருந்ததாம். விசாரணை ஒரே தடவையில் முடியவில்லை போலிருக்கிறது. இருவரும் எல்லாப் படத்தையும் பார்த்திருந்தார்கள். பெரியவர் அந்தப் பனிக்காட்டுப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். அண்ணன் சோற்றுக் கையை ஓங்கி, "இப்பிடி எடுத்து, வலது கையால ஒரே குத்து, அண்ணாச்சி!" என்று நடித்துக் காட்டினார்.

உங்களால் பொறுக்க முடியவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், உங்கள் உதடு துடித்தது. குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி, "எடது கையாலலா குத்துனாம்" என்றீர்கள்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பெரியவர்தான் முதலில் சிரித்தார். "என்ன தம்பி, வீட்டுலயும் படம் பாத்துருக்காவ போல. பொம்பளையாளுவ தெரைக்கு அங்கிட்டு இருந்துலா பாப்பாவ, அவியளுக்கு எல்லாம் மாறித் தெரியும். வலது எடதாத் தெரியும். எடது கைன்னு சொன்னா அங்கன ஒக்காந்து பாத்த கண்ணுதாம் அது!" இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அதற்குமேல் சோறு வேண்டாம் என்றார். கையைக் கழுவினார், துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அந்த வீட்டில் இனி என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அத்தனை வேகமாகப் படியிறங்கிப் போனார். அந்த மனுஷனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அண்ணன் கை கழுவவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "எவன் கூடட்டி போன?" என்று கேட்டுக்கொண்டே குழம்பும் சோறும் ஒட்டிய கையால் உங்கள் முடியைப் பிடித்தார். உங்கள் தலையை நிலைக்கதவில் மோதினார். மறுபடி மோதினார். எனக்கு அந்த மரக்கடைப் படம் நினைவுக்கு வந்தது. அப்படி ஒரு நேரத்தில் அது நினைவுக்கு வந்ததற்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. நான் ஓடிப்போய்க் குடத்தை முற்றத்தில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவே உண்டுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி போட்டேன். ஒரு ஜன்னல் திறக்கவில்லை.

திரும்பி வந்தபோது உங்களை அடுக்களைக்குள் தள்ளியிருந்தார். வடிகஞ்சிப் பானை கவிழ்ந்து உங்கள் கால் வெந்திருந்தது. அந்தக் காலின்மேல் நின்றுகொண்டு வயிற்றில் உதைத்தார். முகத்திலும் அடித்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக முகத்தில் அடித்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இனி உங்களைக் கோயிலுக்கு அழைத்துப்போகிற யோசனையே அவருக்கு இல்லை என்று. உங்கள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கண் மூடியிருந்தது.

அம்மிக்குழவியை இரண்டு கையாலும் தூக்கினேன். அவ்வளவு கனமான ஒன்றை அவ்வளவு லேசாக நான் தூக்கியதில்லை. ஓங்கிய அவர் கைமேல் போட்டேன். முழங்கைக்குக் கீழே முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். தங்கச்சி என்று தெரிந்தே பார்த்தார். தோளில் இன்னொன்று போட்டேன். கஞ்சி வழுக்கி முகங்குப்புற அம்மியில் விழுந்தார். வாயெல்லாம் ரத்தம். நான் மறுபடி தூக்கினேன், மதினி. இந்தத் தடவை தலையைக் குறிவைத்துத்தான் தூக்கினேன். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

"போதும்ளா" என்றீர்கள். "பாக்க விடு."

கண்ணைத் திறந்திருந்தீர்கள். ஒரு கண் வீங்கிப் பாதிதான் திறந்தது. சுவரில் சாய்ந்து, வெந்த காலை நீட்டி வைத்துக்கொண்டு, அவரைப் பார்த்தீர்கள். அவர் எழுந்து உட்கார்ந்தார். வலது கை சொன்ன பேச்சு கேட்காமல் தொங்கியது, இடது கையால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நாக்கால் பல்லைத் தடவினார். ஒவ்வொன்றாக, மெல்ல. நீங்கள் தலையை ஆட்டினீர்கள். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று தெரியாது. நான் குழவியை இறக்கவே இல்லை, கை மரத்துப்போயிற்று. அப்புறம், "எந்திரி, போவோம்" என்றீர்கள். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டது அது.

உச்சி வெயிலில் உங்களைத் தோளில் தாங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்தேன். தலைமையாசிரியை அம்மா கதவைத் திறந்து உங்கள் முகத்தைப் பார்த்தார். விடுதிக்குப் பின்னால் இருந்த அறையைத் திறந்துவிட்டார். காலுக்குப் போட எண்ணெயும் சுண்ணாம்புத் தெளிவும் கலக்கிக் கொண்டுவந்தார். உங்களை அங்கிருந்து யாரும் கூட்டிப்போக முடியாது என்று வாசலில் காவல்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் வந்து கூப்பிடுவார், போலீஸுக்குப் போவார், கமிட்டியைக் கூட்டுவார் என்று நான் வாரக்கணக்கில் பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எப்படிக் கை ஒடிந்தது என்று கேட்டவர்களிடம், கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாராம். நீங்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவந்த அதே பொய். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் நீங்கள் முதலில் சிரித்தீர்கள். விலா வலிக்க, கையால் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஏரலிலிருந்து உங்கள் அப்பா வந்து, பெண் என்றால் புருஷன் வீடு என்று தொடங்கினார். நீங்கள் சேலையைச் சற்றுத் தூக்கிக் காலைக் காட்டினீர்கள். அவர் வாழைத்தாரை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

விடுதிச் சமையல், ஓய்ந்த நேரத்தில் லேஸ் பின்னல் என்று நீங்கள் அங்கேயே நிலைத்துவிட்டீர்கள். மறு வருஷம் கொட்டகை திரும்ப வந்தது. அந்தப் பனிக்காட்டுப் படமும் வந்தது, சுருள் தேய்ந்து மழை பெய்கிறதுபோல் கோடு கோடாக. "இந்தத் தடவ முன்னால இருந்து பாக்கணும்" என்றீர்கள்.

வாசலில் நின்றவன் மறித்தான். "பொம்பளையாளுக்கு அங்கிட்டும்மா வழி."

"அங்கிட்டுப் பாத்தாச்சி. இங்கிட்டுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்கு உள்ளே நடந்தீர்கள்.

என்ன கூச்சல்! "லே, யாருலே அது!" என்று விசில். கடலைத்தோல் வந்து விழுந்தது, ஒரு கல்லும் வந்தது. ஒருவன் உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். நான் குடைக்கம்பியால் அவன் மணிக்கட்டில் ஒன்று கொடுத்தேன். எனக்கு அதற்குள் கைப்பழக்கம் வந்துவிட்டிருந்தது. கொட்டகைக்காரர் ஓடிவந்து, கலவரமானால் துணி கிழியும் என்ற பயத்தில், நம்மைக் கம்பத்தடியில் நின்று பார்க்கச் சொன்னார். நின்றே பார்த்தோம். எழுத்தெல்லாம் நேராக இருந்தது. ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தான், சாப்பிட்டார்கள், எழுந்தான். வலது கையால் குத்தினான். ரொட்டி கொடுத்த அதே கை. அன்றைக்குப் பின்னாலிருந்து பார்த்தபோது ரொட்டி கொடுத்த கை எது என்று நாம் இருவருமே கவனித்திருக்கவில்லை.

பாலத்தில் பாதி தூரம் வந்தோம். கீழே ஆறு வற்றி மணலாகக் கிடந்தது.

"சோத்துக்கையாலயேதாங் குத்திருக்காம்ளா" என்றீர்கள்.

"அப்பம் அது நல்ல படம் இல்லன்னு ஆயிட்டா மதினி?"

"ஆவல. நல்ல படந்தான். படம் எடுத்தவன் ஒண்ணுஞ் சொல்லாம விட்டுட்டாம், நாந்தான் குத்துனவனுக்கு ஒரு நல்ல மனசக் குடுத்துப் பாத்துருக்கேன். வீட்டுலயும் அதத்தான் செஞ்சேன். அடிச்சிட்டுத் தண்ணி கொண்டாந்து குடுப்பாருலா ஒங்கண்ணன், ஒடனே அந்தக் கையில ஒரு நல்ல மனசு இருக்குன்னு நெனச்சுக்கிடுவேன். இனிம குடுக்க மாட்டேன்ளா. கை என்ன செய்யிதோ அத மட்டுந்தாம் பாப்பேன்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்கிறவள் கொடுக்கிறதையும் வாங்கிக்கொள்கிற படம்தான் பெரிய படம், பின்னால் இருந்து நாம் பார்த்ததுதான் உசத்தி என்றேன். "நீ கடலப் பாத்தே மயங்குதவதானே" என்றீர்கள். அந்தச் சண்டைதான் பாதியில் நிற்கிறது.

ஐரோப்பாச் சண்டை ஓய்ந்த வருஷம் ஊரெல்லாம் அந்த விஷக்காய்ச்சல் வந்தது. விடுதியில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்தார்கள். நீங்கள் கஞ்சி காய்ச்சி ஊற்றினீர்கள், வாந்தி அள்ளினீர்கள், செத்த பிள்ளையைக் குளிப்பாட்டினீர்கள். பிறகு நீங்களும் படுத்தீர்கள். மூக்கிலும் வாயிலும் ரத்தம் வந்தது. இவ்வளவு அடிக்குத் தப்பித்த உடம்பை ஒரு காய்ச்சல் அடித்துப் போட்டுவிட்டது. எனக்கு அதை இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. யார் மேல் குழவியைப் போடுவது?

கல்லறைத் தோட்டத்துக்கு அண்ணன் வந்திருந்தார். நான் சொல்லி அனுப்பவில்லை. குழிக்கு அந்தப் பக்கம் நின்றார். வலது கை சரியாகக் கூடாமல் கோணி, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து இடது கையால் மண்ணை அள்ளிப் போட்டார். அழுதார். மூக்கு ஒழுக, வாய் ஒரு பக்கம் இழுக்க, சத்தமில்லாமல் அழுதார். நீங்கள் சொன்னபடி அடி வாங்கியவர் முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை, மதினி. உள்ளதுதான். என் கூடப்பிறந்தவர், நான் ஒடித்த கை. மனசு இளகி அவரிடம் போய்விடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவருக்கு ஒரு நல்ல மனசைக் கொடுத்துவிட என் வாய்வரைக்கும் வந்தது.

கொடுக்கவில்லை. அந்த ஒன்றில் உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன். படம் பார்க்கும்போது மட்டும் பழைய பிடிவாதத்தோடு உங்களோடு வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன், மனிதர்களைப் பார்க்கும்போது நீங்கள் பார்த்ததுபோல்தான் பார்க்கிறேன். அண்ணன் இன்றும் இதே தெருவழியாகத்தான் ஆபீசுக்குப் போகிறார். எதிரே வந்தால் நான் தலையைக் குனிவதில்லை, வேறு பக்கம் திரும்புவதும் இல்லை. கண்ணை மூடாமல் நேராகப் பார்க்கிறேன். அவர்தான் திரும்பிக்கொள்கிறார்.